மலைக்கு எந்த மாதம் போனால் பூ பார்க்கலாம்?

9 ஜூன் 2024 (ஒரு வாசகரின் கேள்வி)

மூன்று வருஷமாக மலை ஏறுகிறேன். கொடைக்கானல், வால்பாறை, நீலகிரி எல்லாம் போயாச்சு. குறிஞ்சியைத் தவறவிட்டுவிட்டேன், அடுத்தது 2030 என்கிறார்கள். அதுவரை போய் என்ன பார்ப்பது? என் அனுபவத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வருஷத்துக்கு ஒரு பத்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் வெறும் பச்சைதான். விலங்கும் கண்ணில் படுவதில்லை. பூ, விலங்கு இரண்டும் ஒரே நடையில் கிடைக்கிற மாதம் எது? ஒரு மாதத்தைச் சொல்லுங்கள், லீவு போட வேண்டும்.

10 ஜூன் 2024

"வெறும் பச்சை" என்று படித்ததும் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், முதல் ஐந்தாறு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். உச்சியைப் பார்த்து ஓட்டம், மேலே போய் போட்டோ, மூட்டு வலியோடு இறக்கம். வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் "மரம் இருந்தது" என்பேன்.

இந்த மலைத்தொடரில் பூக்கும் தாவரங்கள் மட்டும் 7,000 வகைக்கு மேல். எல்லாம் பேசி வைத்துக்கொண்டு பத்து நாளில் பூத்துவிட்டுப் போகாது.

மாதம் கேட்டீர்கள், என் கணக்கைச் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் உயரமான இடங்களில் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடெண்ட்ரான், சிவப்பாகப் பூத்திருக்கும். வரையாடு குட்டி போடுவதும் அப்போதுதான், போய்ப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அடிவாரத்தில் முள்ளிலவு, ஒரு இலைகூட இல்லாமல் மரம் முழுக்கப் பூ. ஏப்ரல், மே என்றால் மின்மினி. ஜூன், ஜூலையில் ஈரப்பாறைகளில் காட்டுக் காசித்தும்பை. ஆகஸ்ட், செப்டம்பரில் புல்வெளியில் நீலகிரி லில்லி, தரையில் முளைக்கும் ஆர்க்கிட். அக்டோபர், நவம்பரில் செங்காந்தள், பட்டாம்பூச்சிகள். டிசம்பரில் உறைபனியும் வடக்கே இருந்து வந்த பறவைகளும்.

ஒரே மாதம்தான் வேண்டும் என்றால் செப்டம்பர். லீவு போடுங்கள்.

11 ஜூன் 2024

அட்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜூன் முதல் போகிறவர்கள் அட்டையோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிடுவது நல்லது. புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் தடவுகிறவர்கள் உண்டு, உப்பு மூட்டை கட்டிக் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு. நான் முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறைதான் போடுகிறேன். கடித்துவிட்டால் பதற வேண்டாம். நகத்தால் வாய்ப் பக்கத்தை நெம்பினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வழியும்.

என் மச்சான் முதல் தடவை வந்தபோது அட்டைக்குப் பயந்து இரண்டு மணி நேரம் எங்கேயும் உட்காரவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் தொப்புளில் ஒன்று. இன்றைக்கும் குடும்பத்தில் யாராவது மலை என்றால் எல்லோரும் அவன் வயிற்றைப் பார்ப்பார்கள்.

28 ஜூலை 2024

ஒருவர் என் ஜூன் 10 குறிப்பை நம்பி, "ஜூலையில் காசித்தும்பை" என்று கோத்தகிரிப் பக்கம் போயிருக்கிறார். மெல்லிய தூறல், காய்ந்த புல், ஒரு காசித்தும்பைகூட இல்லை. திட்டி எழுதியிருக்கிறார். திட்ட வேண்டியதுதான்.

தப்பு என்னுடையது. மாதத்தைச் சொன்னேன், மலையின் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் மேற்கு முகத்தில் மோதிக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது கையில் ஒன்றும் இல்லாமல்தான் வரும். கூடலூர், அவலாஞ்சி எல்லாம் நனைந்து ஊறும்போது கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர் வரை காத்திருப்பார்கள். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே மாவட்டம்தான், நேர்க்கோட்டில் அளந்தால் கோத்தகிரிக்கும் அதற்கும் பெரிய தூரம் கிடையாது.

வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் ஜூலை என்றால் மழை தவிர வேறு பேச்சு இருக்காது. கொடைக்கானல் மலை இரண்டு மழையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அக்டோபரில்தான் அதிகம். ஆகவே வால்பாறையில் ஜூலையில் பார்க்கிற ஈரப்பூவைக் கொடைக்கானலின் கிழக்குச் சரிவில் பார்க்க அக்டோபர் ஆகிவிடும்.

ஜூன் 10-ல் எழுதியதை அழிக்கவில்லை. அதன் தலையில் "மேற்குப் பக்கத்துக்கு மட்டும்" என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு தப்பும் அதில் இருக்கிறது. வரையாட்டுக் குட்டியைப் பார்க்க பிப்ரவரியில் போகச் சொல்லியிருக்கிறேன். குட்டி போடும் காலம் என்பதாலேயே மூணாறுப் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் போங்கள். குட்டி ஓடியாடுகிற வயதில் இருக்கும்.

29 ஜூலை 2024

"அப்படியானால் செப்டம்பர் லீவு?" என்று கேட்டவருக்கு: போடுங்கள். மேற்குப் பக்கம் மழை தணிந்திருக்கும், கிழக்குப் பக்கம் இன்னும் ஆரம்பித்திருக்காது. நடக்கவாவது நன்றாக இருக்கும்.

18 ஆகஸ்ட் 2024

பக்கம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும் என்று இன்றைக்குக் கால் சொல்லிக்கொடுத்தது.

நான் அடிக்கடி நடப்பது கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமம் வழியாகக் கும்பக்கரைப் பக்கம் இறங்குகிற பழைய நடைபாதை. மேலே ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி, கீழே வேர்த்து ஊற்றி முடிக்கிற வழி. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஆறு டிகிரி சூடு கூடும். மேலே பஞ்சு மாதிரி மேகம், பாசி, மரத்தில் தொற்றிய ஆர்க்கிட். நடுவில் காப்பித் தோட்டம், மலையணில். கீழே முள்ளும் புதரும், மயில் சத்தம். ஒரே நாளில் காலையில் மார்கழியில் ஆரம்பித்து மாலையில் சித்திரையில் முடித்த மாதிரி இருக்கும். வாசகர் கேட்ட "எல்லாம் ஒரே நடையில்" என்பதற்கு இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதத்தைத் தேடாதீர்கள். மேலேயிருந்து கீழே வரை போகிற ஒரு பாதையைத் தேடுங்கள்.

மேல் புல்வெளியில் ஒரு ஈரமான ஓரத்தில் துரோசெரா இருந்தது, பூச்சி தின்னும் செடி. உயரம் ஒரு சாண்கூட இல்லை. சின்னப் பிறை மாதிரி இலை, இலை விளிம்பில் முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைத்துளி. பனித்துளி என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் பதினோரு மணி வெயிலிலும் காயாமல் நின்றது. ஒரு கொசு மாதிரிப் பூச்சி ஒரு காலை மட்டும் வைத்துவிட்டு எடுக்க முடியாமல் மற்றக் கால்களையும் கொண்டுவந்து ஊன்றியது. ஊன்ற ஊன்ற ஒட்டியது. இருபது நிமிஷம் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பின்னால் வந்த ஒரு கூட்டம் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தது.

22 செப்டம்பர் 2024

குறிஞ்சி பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நீலகிரியில் எப்பநாடு பக்கம் மலைச்சரிவில் பூத்திருக்கிறது, வனத்துறை யாரையும் உள்ளே விடவில்லை. நானும் போகவில்லை, போகிற எண்ணமும் இல்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். முதல் கேள்வியில் "அடுத்தது 2030" என்று இருக்கிறது. நானும் அதைத் திருத்தாமல் விட்டேன். 2030 என்பது 2018-ல் பூத்த இரவிகுளம் கூட்டத்தின் கணக்கு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டமாகப் பூத்து, விதை போட்டு, செத்துப்போகும். அந்த விதையிலிருந்து அடுத்த சுற்று. எந்தச் சரிவில் எந்த வருஷம் பூத்ததோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும். 2022-ல் இடுக்கி சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறை மலை நீலமாக இருந்தது, இப்போது எப்பநாடு. ஒவ்வொரு சரிவுக்கும் தனிப் பஞ்சாங்கம். போதாததற்குக் குறிஞ்சியின் உறவுக்காரச் செடிகள் ஏராளம். மகாராஷ்டிரத்தில் கார்வி என்கிற ஒன்று எட்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிறது, 2016-க்கு அப்புறம் இந்த வருஷம்தான் அதன் முறை.

இந்த உறவுக்காரர்களால்தான் எனக்கு மானம் போனது. 2021-ல் ஒரு சோலை ஓரத்தில் ஊதாப் பூவைப் பார்த்துவிட்டு "காலம் தப்பிப் பூத்த குறிஞ்சி!" என்று குடும்பக் குழுவில் போட்டேன். சித்தப்பா பத்துப் பேருக்கு அனுப்பினார். அவருடைய நண்பர் ஒருவர் தாவரவியல் வாத்தியார், நாலே வார்த்தையில் பதில்: "குறிஞ்சி இனம், நீலக்குறிஞ்சி இல்லை." நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளியில் நிற்கும், நான் பார்த்தது மரநிழலில் நின்றது. பூவை மட்டும் பார்த்தேன், அது எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

2018-ல் நிஜக் குறிஞ்சியைப் பார்த்தேன் என்றும் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறுப் பாதைகள் உடைந்து, செப்டம்பர் கடைசியில்தான் போய்ச் சேர முடிந்தது. பாதி வாடிய பூ, மீதி மூடுபனி. ஆனால் தேனீ இரைச்சல் மட்டும் மறக்கவில்லை. பூ தெரியாத பனியிலும் சரிவு முழுக்க ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

23 செப்டம்பர் 2024

"போகிற எண்ணமும் இல்லை" என்று நேற்று எழுதியது கொஞ்சம் பீற்றல். அனுமதித்தால் போயிருப்பேன். இந்த வருஷம்தான் நீலக்குறிஞ்சியை அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு உற்சாகம் கொஞ்சம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

13 அக்டோபர் 2024

வெள்ளகவிக்குக் கீழே, வேலியில் செங்காந்தள். கிழக்குச் சரிவு நனைய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. இரண்டு வகை இருந்தது, ஒன்று மஞ்சள் ஓரத்தோடு, இன்னொன்று முழுச் சிவப்பு. இரண்டும் ஒரே வேலியில் பின்னிக்கொண்டு ஏறியிருந்தன.

14 அக்டோபர் 2024

இரண்டு வகை கிடையாது. நேற்றுக் காலை எடுத்த படத்தையும் சாயங்காலம் எடுத்த படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே கொடி, ஒரே தண்டு. பூ திறக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது, நாளாக ஆக நுனியிலிருந்து சிவந்து கடைசியில் முழுச் சிவப்பாகிறது. நான் வகை என்று நினைத்தது வயது.

படத்தைப் பெரிதாக்கியதில் இன்னொன்றும் கிடைத்தது. பூ தலைகீழாகத் தொங்குகிறது, ஆறு இதழும் அலை அலையாக மேலே வளைந்து நிற்கிறது. நடுவிலிருந்து சூல்தண்டு நேராகக் கீழே வராமல் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, பஸ்ஸில் வலது கையை வெளியே நீட்டிய டிரைவர் மாதிரி. இலை நுனி ஒவ்வொன்றும் சுருள்கம்பியாகி வேலியைப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம் இதை "அழகான பூ" என்று மட்டும் சொல்லிக் கடந்திருக்கிறேன்.

கிழங்கில் கால்ச்சிசின் என்கிற கடும் விஷம். குழந்தைகளோடு போகிறவர்கள் தொடவிட வேண்டாம், மாநிலப் பூ என்று பாடத்தில் படித்திருப்பார்கள், பறிக்கத்தான் கை போகும்.

27 அக்டோபர் 2024

அரசு புதிதாக ஆரம்பித்திருக்கிற மலையேற்றத் திட்டத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, கூட வருவதற்கு உள்ளூர் வழிகாட்டி. நல்லதுதான் என்பது என் கட்சி. முன்பு "தெரிந்த ஒருவர் இருக்கிறார்" என்று காப்புக்காட்டுக்குள் புகுந்தவர்களில் நானும் ஒருவன். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் நடைபயணிகள் மாட்டிக்கொண்ட செய்தியைக் கேட்ட இரவோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். அதற்கு முந்தைய வருஷம் அதே மார்ச்சில் அனுமதி இல்லாமல் நானும் இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் நடந்திருக்கிறேன்.

வழிகாட்டியாக வருகிற பழங்குடியினரின் கண்ணை நான் பணம் கொடுத்தாவது வாங்க முடிந்தால் வாங்குவேன். போன மாதம் ஒரு அண்ணன் கூட வந்தார். நடந்துகொண்டே இருந்தவர் திடீரென்று நின்று மூக்கை உறிஞ்சினார். "மாடு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பதடி தள்ளி, புதருக்குள் காட்டுமாடு, ஒற்றைக் காளை, முழங்காலுக்குக் கீழே வெள்ளை மேஜோடு போட்ட மாதிரிக் கால்கள். அந்த வெள்ளையைத்தான் நான் முதலில் பார்த்தேன், அதுவும் அவர் காட்டிய பிறகு. சத்தமில்லாமல் பத்தடி பின்வாங்கி, பத்து நிமிஷம் நின்று, அது தானாகப் போன பிறகு நடந்தோம். கொடைக்கானல் டவுனுக்குள் சாலையில் நிற்கிற காட்டுமாட்டோடு செல்ஃபி எடுப்பவர்களை இவரிடம் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பலாம்.

விலங்கு கண்ணில் படுவதில்லை என்று எழுதிய வாசகருக்கு: கண்ணில் கடைசியாகத்தான் படும். முதலில் மூக்கு, அப்புறம் காது. கடமான் அடித்தொண்டையில் ஒரு "பாங்" விடும். கேளையாடு நாய் மாதிரிக் குரைக்கும். கருமந்தி மரத்து மேலிருந்து உறுமும். இவற்றில் ஏதாவது ஒன்று விடாமல் கத்தினால் அங்கே சிறுத்தையோ செந்நாயோ இருக்கலாம். நின்றுவிடுங்கள். எட்டுப் பேராகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனால் பார்க்கக் கிடைப்பது எட்டுப் பேர்தான்.

24 நவம்பர் 2024

இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் இதே சமயம் ஒரு புல்சரிவில் சத்தீரியம் ஆர்க்கிட் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு நிமிர்ந்த தண்டு, அதில் இளஞ்சிவப்புப் பூக்கள் நெருக்கமாக. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் இரண்டு மெல்லிய வால். பதினேழு தண்டு எண்ணினேன். படம் போட்டேன், வழியும் எழுதினேன்: இந்தத் திருப்பம், இந்தப் பாறை, இடது பக்கம். நல்லது செய்கிற நினைப்பு.

இன்று போனால் மூன்று தண்டு. மீதி இருந்த இடத்தில் குழி. கிழங்கோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். என் குறிப்பைப் படித்துத்தான் தோண்டினார்கள் என்று நிரூபிக்க முடியாது. பன்றி தோண்டியிருக்கலாம் என்று மச்சான் ஆறுதல் சொன்னான். பன்றி இவ்வளவு சுத்தமாகச் சதுரமாகத் தோண்டாது.

இனி இடம் எழுத மாட்டேன். "கொடைக்கானல் மலை, 2,000 மீட்டர் பக்கம், நவம்பர்", இதோடு சரி. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவுசெய்கிற ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் அழியும் நிலையில் உள்ள வகைகளின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடுவார்கள். ஆனால் ஆபத்துப் பட்டியலில் இல்லாத பூவுக்கு அந்தக் காவல் கிடையாது, இடத்தை மறைப்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் கேட்டுத் தனியாக எழுதுகிறவர்களுக்குப் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

25 நவம்பர் 2024

வெள்ளகவி வேலிச் செங்காந்தளுக்கு மட்டும் இடம் சொல்லிவிட்டாயே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். உண்மைதான். அது ஊரை ஒட்டி, நாலு பேர் கண்ணெதிரே இருக்கிறது, தோண்டினால் கேட்க ஆள் உண்டு என்று சமாளிக்கலாம். ஆனால் எழுதும்போது அப்படி ஒன்றும் யோசித்து எழுதவில்லை.

5 ஜனவரி 2025

உறைபனி. விடிகாலையில் புல் வெள்ளையாக, மிதித்தால் மொறுமொறுவென்று. பள்ளத்தில்தான் அதிகம், குளிர்ந்த காற்று கனமாகி இறங்கித் தேங்கிவிடும். சோலை மரம் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை என்பதற்குச் சொல்கிற காரணங்களில் இந்த உறைபனியும் ஒன்று, கன்று கருகிவிடும்.

பூ குறைவு, பறவை அதிகம். ஓடையில் வாலாட்டிக்குருவி செப்டம்பரிலேயே வந்துவிட்டது, நான்தான் இப்போது எழுதுகிறேன். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒரு பொடிப் பறவை, கோடையில் காஷ்மீரில் இருந்துவிட்டுக் குளிருக்கு நீலகிரிக்கும் இலங்கைக்கும் வரும். ஊட்டிப் பக்கம் அதைத் தேடி இரண்டு குளிர்காலம் போயிருக்கிறேன். இரண்டு முறையும் நான் கிளம்பிய மறுநாள் வேறு ஒருவர் பார்த்தார்.

வெள்ளகவிப் பாதையில் விடிவதற்கு முன்னால் கரடி பார்த்தேன். சரிவுக்குக் கீழே, கருப்பாக, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. மச்சானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் நின்றோம். இரண்டு முறை தலையைத் திருப்பியது, நானே பார்த்தேன். வெளிச்சம் வந்தது. எப்போதோ தீயில் கருகிய அடிமரம்.

மச்சானுக்கு இப்போது தொப்புள் கணக்குத் தீர்ந்துவிட்டது. குடும்பத்தில் எனக்குப் பெயர் "கரிக்கட்டை".

16 மார்ச் 2025

மலையேற்றப் பாதைகள் தீக்காலத்துக்காக மூடியிருக்கின்றன. மூடட்டும். சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம் என்று வால்பாறை போனேன்.

மலைப்பாதையில் ஏறும்போது எதிர்ச் சரிவில் காடு முழுக்கச் செம்பூ. வண்டியை நிறுத்தி, தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தால் பூவே இல்லை, தளிர் இலை. மழைக்காட்டு மரங்கள் பல இந்தச் சமயத்தில் செந்தளிர் விடும். நாங்கு மரம் இதில் கெட்டிக்காரன், முழு மரமும் பட்டுப்புடவை மாதிரி மின்னும். தளிரைப் பூவாக்குவதும் கட்டையைக் கரடியாக்குவதும் எனக்குக் கைவந்த கலை ஆகிவிட்டது.

இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே போனது. இறக்கைச் சத்தம் நீராவி இஞ்சின் மாதிரி, பார்ப்பதற்கு முன்பே கேட்கும். இது கூடு கட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் இடைவெளி மட்டும் விட்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருக்கிற குடும்பமும் போச்சு. கூட்டுக்குக் கீழே கேமராவோடு கூட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் அண்டாமல் விலகி நடங்கள்.

திரும்பும்போது அடிவாரத்தில் முள்ளிலவு, பூ முழுக்கக் கரிச்சானும் மைனாவும் சண்டை. ஜூன் 10 கணக்கில் இது ஒன்றாவது சரியாக இருந்ததே.

4 மே 2025

மின்மினி பார்க்க ஆனைமலைப் பக்கம் அனுமதி கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் அங்கே ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும், மரம் மரமாக அந்த ஒளி ஓடும். பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜூன் 10-ல் நேரில் பார்த்தவன் மாதிரி எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

வீட்டு மாடியில் ஒரு மின்மினி வந்தது. அதோடு இந்த வருஷம் சரி.

15 ஜூன் 2025

ஒரு வருஷம் ஆகிவிட்டது. கேள்வி கேட்ட வாசகர் செப்டம்பர் லீவு போட்டாரா என்று கடைசி வரை தெரியவில்லை.

நேற்று அனுமதி வாங்கி அதே வெள்ளகவிப் பாதை, அதே அண்ணன், மச்சான். விடியும் முன்பே சீகாரப் பூங்குருவி ஆரம்பித்துவிட்டது. பாட்டு மறந்துபோன பையன் ஒருவன் ஞாபகம் வந்த இரண்டு வரியை மட்டும் விசிலடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும் அதன் குரல். மேலே மூடுபனி. கிழக்குச் சரிவுக்கு மழை வர இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது, நடுவில் பாதை காய்ந்துதான் கிடந்தது. அட்டை இரண்டே இரண்டு, இரண்டும் எனக்கு.

கரிக்கட்டையைப் பார்க்காமல் போகக்கூடாது என்று மச்சான் அடம் பிடித்தான். இறங்கிப் போய்ப் பக்கத்தில் பார்த்தோம். பிளவுக்குள் ஈரம் தங்கி ஒரு காசித்தும்பைக் கன்று, நாலு இலை. கன்றைப் படம் எடுக்கக் குனிந்தேன்.

அண்ணன் என்னைத் தொட்டு, கட்டையின் மறுபக்கத்தைக் காட்டினார். கறையான் புற்று ஒன்று ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தது. ஓரத்து மண்ணில் ஐந்தைந்தாக நீள நகக் கீறல், மண் இன்னும் காயவில்லை.

"நேத்து ராத்திரிதான்" என்றார்.

மச்சான் எனக்கு முன்னால் மேலே ஏறிவிட்டான்.